ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி: மூன்று பாட்டில் ரத்த வகை செட் பற்றி ஒரு மதிப்புரை

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் எந்தச் சின்ன லேபுக்குப் போனாலும், நர்சிங் கல்லூரி, மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆய்வகம் என்று எங்கே எட்டிப் பார்த்தாலும், ஃபிரிட்ஜில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி இருக்கும். உள்ளே ரத்த வகை பார்க்கும் ஆன்டிசீரம் என்ற திரவம், மூன்று பாட்டிலில்: நீலத்தில் ஆன்டி-ஏ, மஞ்சளில் ஆன்டி-பி, நிறமே இல்லாத ஆன்டி-டி. பனியன் கம்பெனி ஐடி கார்டு, பள்ளிக்கூட டைரி, ரத்ததான முகாம் பதிவேடு என்று பல இடங்களில் ஏறியிருக்கும் 'ஓ பாசிட்டிவ்', 'பி பாசிட்டிவ்' எல்லாம் இந்தத் துளிகளிலிருந்து வந்தவைதான்.

நல்ல பொருள். கொடுக்கிற காசுக்குக் குறைவில்லை. ஒழுங்காகக் கையாண்டால் ஏமாற்றாது. ஆனால் இது சொல்வதைவிடக் கூடுதலாக இதிலிருந்து எடுத்துக்கொள்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் குரூப் பார்த்து, சுவரில் மாட்டிய அட்டவணையோடு பொருத்தி, 'இந்தக் குரூப் இந்த வீட்டில் எப்படிப் பிறக்கும்?' என்று கேட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு கேள்வி எழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாட்டிலை, பல்குச்சியை, நோட்டில் எழுதிய கையை. பெற்றவளை அல்ல. இந்த மதிப்புரையில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும்.

வாங்கும்போது

10 மில்லி பாட்டில் மூன்று சேர்ந்ததுதான் வழக்கமான செட். 5 மில்லியிலும் கிடைக்கும். டிராப்பரில் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 துளி, ஆக 10 மில்லிக்கு 200 துளி. ஒரு ஆளுக்கு ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு துளி போதும். சிந்துவது, டிராப்பருக்குள் தங்குவது, தினசரி சரிபார்ப்புக்கு எடுப்பது எல்லாம் கழித்து 150 பேருக்குத் தாராளமாக வரும். மூன்றில் ஒன்று முன்னதாகத் தீர்ந்தால் அதை மட்டும் தனி பாட்டிலாக வாங்கிக்கொள்ளலாம், செட் முழுதும் வாங்கத் தேவையில்லை.

விலை கேட்பதற்கு முன்னால் சர்ஜிகல் கடையில் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு இது. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று பாட்டிலிலும் தனித்தனியாகக் காலாவதித் தேதி, பேட்ச் எண், உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நீலமோ மஞ்சளோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். கலங்கலோ, நூல் நூலாக மிதப்பதோ, அடியில் படிவோ தெரிந்தால் கிருமி சேர்ந்திருக்கலாம், அல்லது உறைந்து உருகியிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் பயன்படாது.

கோவையில் வாங்கி தாராபுரம், காங்கயம், கோபி வரை பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் பேக்கும் கேட்டு வாங்குங்கள். பாட்டில் நேராக ஐஸ் பேக்கில் படாமல் நடுவே நாலு மடிப்புச் செய்தித்தாள் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் அரை நாள் கிடந்த ஆன்டிசீரம் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். வீரியம் மட்டும் குறைந்துபோயிருக்கும். கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இந்தச் சரக்கின் பெரிய தொல்லை. ஃபிரிட்ஜிலும் ஃபிரீஸரில் வைக்கக் கூடாது, பின்சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது, நடுத்தட்டு போதும்.

ஆன்டி-டி வாங்கும்போது மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஐஜிஎம், ஐஜிஜி என்பவை எதிர்ப்புப் பொருளின் இரண்டு வகை. ஐஜிஎம் மட்டும் உள்ளது ஒன்று, ஐஜிஎம்மும் ஐஜிஜியும் கலந்தது ஒன்று. பள்ளிக்கு முதலாவது போதும். நெகட்டிவ் என்று வந்த மாதிரியை மேல்சோதனைக்குக் கொண்டுபோகும் லேபுக்குக் கலப்பு வேண்டும். ஏன் என்று பின்னால் வருகிறது.

டைல் மேல் என்ன நடக்கிறது

கண்ணாடி ஸ்லைடை விட வெள்ளை டைல் நல்லது, சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்படுவது பளிச்சென்று தெரியும். டைலில் ஏ, பி, டி என்று மூன்று இடம் குறித்துக்கொண்டு, நான்காவதாக ஓர் இடத்தையும் குறியுங்கள். அது 0.9 சதவீத உப்புக் கரைசலான நார்மல் சலைனுக்கு. செட்டில் இதற்குத் தனி பாட்டில் இருக்காது, பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்தச் செட்டில் நாங்கள் காணும் பெரிய குறை இதுதான்: கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க ஆன்டிசீரம் இல்லாத துளி, கொடுக்காமல் விற்பது. ஒரு துளி சலைனுக்குச் செலவே கிடையாது, ஆனால் அது இல்லாவிட்டால் ஏபி பாசிட்டிவ் என்று வரும் எந்த முடிவையும் நம்ப முடியாது.

பாட்டில்களை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில நிமிடம் வெளியே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு தொடங்குங்கள். முதலில் ஆன்டிசீரம், பிறகு ரத்தம். டிராப்பரின் நுனி டைலையோ ரத்தத்தையோ தொடவே கூடாது. நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில், பக்கவாட்டில், ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அது முழுக்கக் காய்ந்த பிறகு லான்செட்டால் குத்த வேண்டும். ஈரம் இருக்கும்போதே குத்தினால் ஸ்பிரிட் கலந்து சிவப்பணு உடையும். டைலில் தெளிந்த சிவப்புச் சாயம் மாதிரி பரவி, கட்டியா இல்லையா என்றே சொல்ல முடியாது. வரும் முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ரத்தத்துளி ஆன்டிசீரத் துளியைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம். ஒவ்வோர் இடத்துக்கும் புதுப் பல்குச்சி. இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரப்பி, டைலை மெல்ல முன்னும் பின்னும் சாயுங்கள்.

நீலத்துளியோடு ரத்தம் சேர்ந்ததும் ஊதா சாயலில் ஒரே சீராகத் தெரியும். சிவப்பணுவின் மேல் ஏ ஆன்டிஜென், அதாவது ஏ வகையின் அடையாளப் பொருள், இருந்தால் சில வினாடியிலேயே அந்தச் சீர் கலையும், பால் திரிவது போல. சிவப்புத் துகள் தனியாக, நீலத் தண்ணீர் தனியாகப் பிரிந்து, டைலைச் சாய்க்கும்போது துகள்களுக்கு நடுவே வெள்ளை எட்டிப் பார்க்கும். ஏ இல்லாவிட்டால் எவ்வளவு சாய்த்தாலும் அதே சீர்தான். ஆன்டி-டி இவ்வளவு வேகமாகக் காட்டாது, துகளும் சிறிதாக இருக்கும். பொறுமையில்லாதவர்கள் இருபது வினாடியில் 'நெகட்டிவ்' என்று எழுதி விடுகிறார்கள். 2 நிமிடம் முழுக்கக் காத்திருந்து, அந்த 2 நிமிடம் முடிந்ததும் படித்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் ஓரம் காயத் தொடங்கி, அந்தக் காய்ந்த விளிம்பைக் கட்டி என்று நினைத்துவிடுவோம். ஃபேனுக்கு நேர் கீழே சோதனை செய்யும் முகாம்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும்.

ஒரே குச்சியால் மூன்று இடத்தையும் கலக்கினால் ஆன்டி-ஏ மற்ற இடத்துக்கும் போகும்; ஏ குரூப் ஆள் ஏபி ஆகிவிடுவார். வரிசையில் ஆட்கள் நிற்கும் அவசரத்தில் மூடி மாறிப் போட்டாலும் இதேதான், அதோடு பாட்டிலே கெட்டுவிடும். வால்பாறை மாதிரி குளிர் ஊரில் காலை நேரத்தில் சிலருடைய ரத்தம் குளிருக்கே கட்டிப்படும். மூன்றிலும் கட்டி தெரியும், சலைன் இடத்திலும் தெரியும். சலைனில் கட்டி விழுந்தால் அந்த டைலின் முடிவு எதையும் எழுதக் கூடாது. மாதிரியை 37 டிகிரி வெதுவெதுப்பில் வைத்து, சிவப்பணுவை வெதுவெதுப்பான சலைனில் கழுவி, மறுபடியும் பார்க்க வேண்டும்.

பாட்டில் வீரியமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நாளைத் தொடங்கும்போதே ஏற்கெனவே தெரிந்த ஏ பாசிட்டிவ், பி பாசிட்டிவ், ஓ நெகட்டிவ் மாதிரிகளைப் போட்டுப் பார்ப்பது முறை. ஓ நெகட்டிவ் கிடைப்பது கஷ்டம் என்றால் முதலிரண்டாவது கட்டாயம்.

இந்தத் துளி சொல்வதும் சொல்லாததும்

"ஏனுங்க, அப்பன் ஏ பாசிட்டிவ், அம்மா பி பாசிட்டிவ், பொண்ணு எப்படிங்க ஓ நெகட்டிவ்?" இந்தச் செட்டை வைத்திருக்கும் யாரும் கேட்காமல் தப்பிக்க முடியாத கேள்வி இது. பதில் எளிது: வரும், அதில் விநோதம் எதுவும் இல்லை.

ஏபிஓ வகையைத் தீர்மானிக்கும் ஜீன் 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதி: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஜீனுக்கு முக்கியமாக மூன்று வடிவம். சிவப்பணுவின் மேலே 'எச்' என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கும். ஏ ஜீன் தயாரிக்கும் நொதி அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரையை ஒட்டும். பி ஜீனின் நொதி கேலக்டோஸை ஒட்டும். இரண்டு நொதியும் 354 அமினோ அமிலம் நீளம், வித்தியாசம் வெறும் நான்கே இடத்தில். ஓ ஜீனில் பெரும்பாலும் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும், அதனால் வேலை செய்யும் நொதியே உருவாகாது. எச் சங்கிலி வெறுமனே நிற்கும். ஆக ஏ, பி இரண்டும் சமபலம், சேர்ந்து வந்தால் ஏபி. ஓ எதோடு சேர்ந்தாலும் வெளியே தெரியாது.

இதனால் உள்ளே ஆறு சேர்க்கை இருந்தாலும் வெளியே நான்கு வகைதான்: ஏ/ஏ, ஏ/ஓ இரண்டும் ஏ, பி/பி, பி/ஓ இரண்டும் பி, பிறகு ஏபி, ஓ. நீலத்துளியில் ஏ/ஏவும் ஏ/ஓவும் ஒரே மாதிரி கட்டிப்படும். கட்டி பெரிதாக இருந்தால் ஏ/ஏ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு, டைலில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆனால் குடும்பத்தைச் சேர்த்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம், பள்ளிக்கு இந்தச் செட்டை நாங்கள் மனமாரப் பரிந்துரைப்பதற்குக் காரணமே அதுதான். ஏ அப்பாவுக்கும் பி அம்மாவுக்கும் ஓ பிள்ளை பிறந்த அந்த நிமிடமே அப்பா ஏ/ஓ, அம்மா பி/ஓ என்பது தெரிந்துவிடுகிறது. பிள்ளை இரண்டு ஓவையும் எங்கிருந்து வாங்கியிருக்கும்? மேலே போயும் பார்க்கலாம். அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, ஓ வகை என்றால் அவருக்குப் பிறந்த மகனுக்கு ஓர் ஓ வந்தே தீரும்; மகன் பார்வைக்கு ஏ என்றாலும் உள்ளே ஏ/ஓதான். அம்மா பக்கம் அப்புச்சி, அம்மாயி குரூப்பையும் கேட்டு எழுதினால் பல பிள்ளைகள் வீட்டிலேயே தங்கள் பெற்றோரின் சேர்க்கையைக் கணித்துவிடுவார்கள். மூன்று தலைமுறைக் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் போதும். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் பாடத்தில் பல்கூட்டு அல்லீல் (ஒரே ஜீனுக்குப் பல வடிவம்) என்று படிப்பது அப்போதுதான் புத்திக்குள் இறங்கும்.

ஏ/ஓவும் பி/ஓவும் சேர்ந்தால் ஏ, பி, ஏபி, ஓ நான்குக்கும் கால் கால் வாய்ப்பு. இது ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாகத் தொடங்கும் கணக்கு. முதல் மூன்று பிள்ளைக்கும் வேறு வேறு வந்துவிட்டதால் நான்காவது மிச்சமிருக்கும் வகையாக வரும் என்று இல்லை. ஓவும் ஓவும் சேர்ந்தால் ஓ மட்டும். ஏவும் ஏவும் சேர்ந்தால் ஏ அல்லது ஓ; பிக்கும் அப்படியே. ஏபியும் ஏபியும் சேர்ந்தால் ஏ, பி, ஏபி வரும், ஓ வராது. வீட்டில் அதிகம் குழப்புவது ஏபியும் ஓவும் சேர்வது: பிள்ளைக்கு ஏ அல்லது பி, அப்பா குரூப்பும் வராது, அம்மா குரூப்பும் வராது. 'ரெண்டு பேர் குரூப்பும் இல்லையே' என்று பதறி வருகிறவர்களுக்கு இதுதான் சரியான விடை, இப்படித்தான் வர வேண்டும்.

கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901ல் இந்த வகைகளை வெளியிட்ட பிறகும், இவை எப்படி இறங்குகின்றன என்பதில் இருபது வருடத்துக்கு மேல் குழப்பம் இருந்தது. ஏக்கு ஒரு ஜீன், பிக்குத் தனியாக இன்னொரு ஜீன் என்று நினைத்தார்கள். அது உண்மையானால் ஏபி பெற்றோருக்கு ஓ பிள்ளை சாதாரணமாகப் பிறக்க வேண்டும். 1924ல் ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் மக்கள் தொகையில் இந்த வகைகள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று கணக்குப் போட்டு, ஒரே ஜீனின் மூன்று வடிவம்தான் என்று காட்டினார்.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது தனிக் கணக்கு; அதைத் தீர்மானிக்கும் டி ஜீன் 1ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஒரு டி இருந்தாலே பாசிட்டிவ். அதனால் பாசிட்டிவ் பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு டியை மட்டும் வைத்திருந்தால் நான்கில் ஒரு வாய்ப்பில் பிள்ளை நெகட்டிவ். மேலே கேட்ட கேள்விக்கு முழு விடை: ஓவுக்குக் கால், நெகட்டிவுக்குக் கால், இரண்டையும் பெருக்கினால் பதினாறில் ஒன்று. அரிது, ஆனால் முழுக்க இயற்கை. நம் நாட்டில் நெகட்டிவ் ஆட்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர்தான் என்பதால் பல குடும்பங்களில் தலைமுறைக்கு ஒருவர்கூட இல்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு பிள்ளை வரும்.

அட்டவணை 'வராது' என்று சொல்லும்போது

கடைகளில் லேமினேட் செய்து விற்கும் பெற்றோர்-பிள்ளை அட்டவணைகளில் 'வர வாய்ப்பில்லாத வகை' என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தியை நம்பி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால், முதலில் மூவருக்கும் புதிதாக ரத்தம் எடுத்து, வேறு ஆள், வேறு பேட்ச் பாட்டிலில் திரும்பப் பாருங்கள். கையால் எழுதிய பதிவேட்டில் வரி மாறுவதும் ட்யூபில் பெயர் மாறி ஒட்டுவதும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஐடி கார்டில் இருப்பதைச் சான்றாக எடுக்கவே வேண்டாம். அதைப் பல இடங்களில் வாய்வார்த்தையாகக் கேட்டுத்தான் எழுதுகிறார்கள்.

திரும்பப் பார்த்தும் அப்படியே வந்தால், ஏ வகையின் உட்பிரிவைப் பார்க்க வேண்டும். ஏ1, ஏ2 என்று இரண்டு முக்கியப் பிரிவு. ஏ2வில் ஆன்டிஜென் குறைவு. அதுவே பியோடு சேர்ந்து ஏ2பி ஆனால், இரண்டு நொதிக்கும் எச் சங்கிலிக்காகப் போட்டி வந்து ஏ இன்னும் குறையும். நீலத்துளியில் கட்டி தாமதமாக, பொடியாக விழும். அவசரக்காரர் அதைப் பார்க்காமல் 'பி' என்று எழுதுவார். அவருக்கும் ஓ வகைத் துணைக்கும் பிறந்த பிள்ளைக்கு அந்த ஏ2 மட்டும் இறங்கினால், போட்டிக்கு பி இல்லாததால் ஏ நன்றாகத் தெரியும். இப்போது நோட்டில் இருப்பது: அப்பா பி, அம்மா ஓ, பிள்ளை ஏ. அட்டவணை 'வராது' என்கிறது. தவறு முழுக்க அந்த முதல் டைலில்.

இதைப் பிரித்துக் காட்டும் ஆன்டி-ஏ1 லெக்டின் என்ற பாட்டில் தனியாகக் கிடைக்கும். லேபிளில் டாலிகோஸ் பைஃப்ளோரஸ் என்று இருக்கும். நம் கொள்ளுதான் அது. கொள்ளுப் பருப்பு கடையாத வாரம் இல்லாத ஊரில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கொள்ளு விதையில் உள்ள ஒரு புரதம், அளவாக நீர்த்துவைத்தால், ஏ1 சிவப்பணுவை மட்டும் பிடித்துக் கட்டியாக்கும், ஏ2வை விட்டுவிடும். சாப்பிடும் கொள்ளு ரத்த வகையை எதுவும் செய்யாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், யாராவது கேட்பார்கள்.

அடுத்தது பம்பாய் வகை. 1952ல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் உடனிருந்தவர்களும் பதிவு செய்தது. எச் சங்கிலியைச் செய்வது 19ஆம் குரோமோசோமில் உள்ள வேறொரு ஜீன். அதன் இரண்டு பிரதியும் பழுதானால் எச் இல்லை; ஏ ஜீன் இருந்தாலும் ஒட்டுவதற்கு இடம் இல்லை. மூன்று பாட்டில் செட் அவரை 'ஓ' என்றே காட்டும். அவரிடமிருந்து ஏ ஜீனை வாங்கிய பிள்ளைக்குத் துணையிடமிருந்து நல்ல எச் ஜீன் கிடைத்துவிடும், ஏ வெளிப்பட்டுவிடும். ஓவுக்கும் ஓவுக்கும் ஏ பிள்ளை! இந்தக் குடும்பத்தில் குற்றம் யார் மேலும் இல்லை. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டும் வழக்கம் இருக்கும் இடங்களில், ஒரே பழுதான ஜீன் இரு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடுதல் என்பதால் இதை நம் பக்கத்து லேப்காரர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். கண்டுபிடிக்க ஆன்டி-எச் லெக்டின் வேண்டும். அது எடுக்கப்படும் யூலெக்ஸ் யூரோபியஸ் செடி, ஊட்டிப் பக்கம் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கும் அதே முள்செடிதான். பம்பாய் வகையினருக்குச் சாதாரண ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கு அவர்கள் வகை ரத்தம் மட்டும்தான். ரத்தம் ஏற்றும் முடிவை இந்தச் செட்டை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது என்று நாங்கள் அடித்துச் சொல்வதற்கு இது ஒன்றே போதும். ரத்த வங்கியில் சீரத்தையும் (அணுக்களை நீக்கிய ரத்த நீர்) தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு திருப்பிப் பார்க்கும் சோதனையும், கொடுப்பவர் ரத்தத்தைப் பெறுபவர் ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்கும் கிராஸ் மேட்ச்சும் இருப்பது இதற்காகத்தான்.

டியிலும் இப்படி உண்டு. வலுக்குறைந்த டி உள்ளவர் ஸ்லைடில் நெகட்டிவாகவே தெரிவார். கலப்பு ஆன்டி-டியைப் போட்டு, அணுவில் ஒட்டியும் கட்டியாக்காத ஐஜிஜியைக் காட்டிக்கொடுக்கும் மறைமுக கூம்ப்ஸ் சோதனை வரை போனால்தான் டி இருப்பது தெரியும். 'ரெண்டு பேரும் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ்' என்ற புதிரை முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

பிறந்த குழந்தையின் குரூப்பை ஆயுசுக்கும் நம்ப வேண்டாம். தொப்புள் கொடி ரத்தத்தில், கொடிக்குள் பசை மாதிரி இருக்கும் வார்ட்டன் ஜெல்லி கலந்தால் எல்லாமே கட்டிப்படும். சலைனில் பலமுறை கழுவிய பிறகே பார்க்க வேண்டும். ஏ, பி ஆன்டிஜென்களும் பிறக்கும்போது முழு பலத்தோடு இருக்காது. பள்ளியில் சேர்க்கும்போது ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது. கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியவருக்குக் கொடையாளியின் அணுக்களும் கலந்து பாதி கட்டியும் பாதி சீருமாகத் தெரியும். எலும்பு மஜ்ஜை மாற்றியவருக்குக் குரூப்பே மாறியிருக்கலாம். இவ்வளவும் தாண்டி மிக அரிதாக ஏ, பி இரண்டு வேலையையும் ஒரே ஜீன் செய்யும் குடும்பமும் உண்டு. அங்கே ஏபிக்கும் ஓவுக்கும் ஏபி பிள்ளைகூடப் பிறக்கலாம்.

பெற்றோர் யார் என்பதை ரத்த வகையால் உறுதிப்படுத்த ஒருகாலும் முடியாது. அது டிஎன்ஏ சோதனையின் வேலை. ஒரு டைலைக் காட்டி ஒரு பெண்ணின் மேல் பழி சொல்வது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை.

ஜாதகத்தோடு குரூப் கேட்பவர்களுக்கு

இப்போது பெண் பார்க்கும்போதே குரூப்பையும் கேட்கிறார்கள். 'ரெண்டு பேருக்கும் ஒரே குரூப், பிள்ளைக்கு ஆகாது' என்று சம்பந்தத்தை விடுவது வீண். ஒரே குரூப்பால் பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. சொந்தத்தில் கட்டினால் வரக்கூடிய பரம்பரை நோய்களுக்கும் ஏபிஓ வகைக்கும் தொடர்பு கிடையாது. ஆளுக்கு ஆள் குரூப் வேறாக இருந்தாலும் அந்த ஆபத்து குறையாது.

கவனிக்க வேண்டியது ஒன்றே: அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ். அதற்காகவும் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளை பாசிட்டிவாக இருந்து, பிரசவத்தில் அதன் ரத்தம் அம்மாவின் ரத்தத்தில் கலந்தால், அம்மாவின் உடல் டிக்கு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அடுத்த கர்ப்பத்தில் அது பிள்ளையின் சிவப்பணுவை அழிக்கும். அதைத் தடுக்க 28ஆம் வாரத்தில் ஓர் ஊசி. பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று, வழக்கமாக 300 மைக்ரோகிராம். கரு கலைந்தாலும் இது வேண்டும். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊசிக்கும் ஆன்டி-டி என்றே பெயர், ஆனால் அது மனித ஐஜிஜியில் தயாரான மருந்து. நம் பெட்டியில் இருப்பது சோதனைக்கு மட்டும், உடம்புக்குள் போகவே கூடாதது. முதல் கர்ப்பத்திலேயே, முதல் மூன்று மாதத்திலேயே அம்மாவின் குரூப்பை லேபில் முறைப்படி பார்த்துவிட வேண்டும்.

வேறு வழி, கழிவு, யார் வாங்கலாம்

டென்மார்க்கில் தயாராகும் எல்டன் அட்டை மாதிரி, ஆன்டிசீரத்தை உலர்த்திய அட்டைகள் இருக்கின்றன. நான்கு வட்டம், நான்காவது கன்ட்ரோல். ஃபிரிட்ஜ் தேவையில்லை, கையாள எளிது, முடிவைக் காயவைத்துப் பத்திரப்படுத்தலாம். ஆளுக்கு ஒரு அட்டை என்பதால் ஐம்பது பேருக்கு மேல் போனால் செலவு கட்டுப்படியாகாது. ஃபிரிட்ஜ் இல்லாத இடத்துக்கும் நாலைந்து பேருக்கும் அட்டை. வரிசை நின்றால் பாட்டில். தினமும் பார்க்கும் லேபில் ஸ்லைடை விட ட்யூப் முறைதான் நல்லது: சலைனில் கழுவிய சிவப்பணுவை 2 முதல் 5 சதவீதக் கரைசலாக்கி, ஒரு துளிக்கு ஒரு துளி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் படிப்பது. இதே பாட்டில்தான், பலவீனமான கட்டியை அது தப்பவிடாது.

பள்ளியில் செய்வதானால் பெற்றோரிடம் எழுதி வாங்கிவிட்டு, ஆளுக்கொரு புது லான்செட். மறுபயன்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. குத்திய லான்செட் ஊசி குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவுக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு. டைலை 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் 30 நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரி அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி அந்த டப்பாவை ஒப்படைக்கும் ஏற்பாட்டை முன்னதாகவே செய்துகொள்ள வேண்டும், குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

வருடத்துக்கு ஒரு வகுப்பு நடத்தும் பள்ளி 5 மில்லி செட் வாங்கினால் போதும், பெரிது வாங்கினால் தீருவதற்குள் காலாவதியாகிவிடலாம். லேபும் முகாம் நடத்துபவர்களும் 10 மில்லி, கலப்பு ஆன்டி-டியோடு, கூடவே ஒரு பாட்டில் நார்மல் சலைனும். வீட்டுக்கு வாங்காதீர்கள். பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் பேட்ச் எண், கன்ட்ரோல் முடிவு, பார்த்தவர் கையெழுத்து மூன்றையும் எழுதி வையுங்கள். நாலு வருடம் கழித்து ஒரு குடும்பம் அந்தத் தாளைத் தேடிக்கொண்டு வரும்.